இரவல் மேடை

ஊரில் ஒரு பொதுக்கூட்டம் நடத்தவேண்டுமென்றால், நீங்கள் கேட்கும் முதற் கேள்வி என்ன? பேச்சாளர் யார் என்பதா? தலைப்பு என்ன என்பதா? அல்ல, அல்ல! "இடம் யாருடையது?" என்பதே முதற் கேள்வி. மைதானம் நகராட்சிக்கு உரியதா, மண்டபம் மாற்றாருக்குச் சொந்தமா, கூட்டம் நடக்கும்போதே கதவைப் பூட்டுவார்களா, விளக்கை அணைப்பார்களா, ஒலிபெருக்கிக் கம்பியை அறுப்பார்களா என்று அத்தனையும் எண்ணிப் பார்த்த பிறகே சுவரொட்டிக்குப் பசை காய்ச்சுவீர்கள். பட்டறிவு தந்த பாடம் அது. மண்டபம் மறுக்கப்பட்ட நாளில் தெருமுனையில் மேசை போட்டுப் பேசியவர்கள், மேசையும் மறுக்கப்பட்ட நாளில் திண்ணையில் நின்று பேசியவர்கள், மேடையின் அருமையை அறிவார்கள். அந்த மேடைக்கு உடையவன் யார் என்பதையும் மறவார்கள்.

ஆனால், நாள் தவறாமல் நாம் ஏறிப் பேசும் இன்னொரு மேடை உண்டு. அது கைபேசிக்குள் இருக்கிறது. காலையில் கழனிச் செய்தி, நண்பகலில் கண்டன அறிக்கை, மாலையில் கூட்டத்தின் படம், இரவில் எதிர்த்தரப்புக்கு மறுப்பு — எல்லாம் அங்கேதான். பத்தாண்டு உழைப்பு அங்கே கிடக்கிறது. பல்லாயிரம் தோழர்களின் தொடர்பு அங்கே கிடக்கிறது. மறைந்த பெரியோரின் இறுதி ஊர்வலப் படங்கள்கூட அங்கேதான் கிடக்கின்றன. அந்த இடம் யாருடையது? கதவின் சாவி யார் இடுப்பில் இருக்கிறது? இதைக் கேட்பதற்குத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை.

சின்னஞ்சிறு தொல்லைகள்

கேள்வியைப் பெரிதாகத் தொடங்க வேண்டாம். சிறிதாகவே தொடங்குவோம்.

கடவுச்சொல்லை மாற்று என்கிறது கருவி. மாற்றினால், அதிலே பெரிய எழுத்து இல்லை என்று திருப்பி அனுப்புகிறது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லாத மொழியைப் பேசுகிறவனிடம் பேசுகிற பேச்சா இது! சரி, ஒருவழியாக அதையும் சேர்த்தால், ஓ.டி.பி. வரும் என்கிறது; அதுவோ கைவிட்டுப்போன பழைய எண்ணுக்குச் சென்று சேருகிறது. நேற்று வலப்பக்கம் இருந்த பொத்தான் இன்று இடப்பக்கம் இருக்கிறது. நாளை அதுவும் இராது. புதுப்பித்துக்கொள் என்று நச்சரிக்கிறது செயலி. புதுப்பிக்கப் போனால், உன் கைபேசி பழையது என்று உதட்டைப் பிதுக்குகிறது. நண்பர் எழுதிய இரங்கற் செய்தியைத் தேடிப்போனால், அதற்கு முன்னே நான்கு விளம்பரங்கள், நாம் கேளாத நாலு சச்சரவுகள். கணக்கு முடங்கிப்போனாலோ முறையிட மனிதர் எவரும் இல்லை. இயந்திரம் விடை எழுதுகிறது: பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை என்று!

கிளைக்கழகத்து முதியவர் ஒருவர், ஐம்பதாண்டு பொதுவாழ்வு கண்டவர், சிறையைக் கண்டு அஞ்சாதவர், கைபேசியைக் கண்டு கூசி, "எனக்கு இதெல்லாம் தெரியாது தம்பி, பேரன் வரட்டும்" என்று சொல்லும் காட்சியை நீங்களும் கண்டிருப்பீர்கள். அவருக்குச் சொல்லுங்கள்: ஐயா, இது உங்கள் அறியாமை அன்று. கட்டிலின் காலை நாளுக்கொருவிதமாக வெட்டிவிட்டு, படுக்கத் தெரியவில்லை என்று படுப்பவனைப் பழிக்கலாமா?

எரிச்சல்கள் பல, வேர் ஒன்று. முடிவு செய்கிறவர் ஒருவர், அல்லற்படுகிறவர் வேறொருவர். முடிவு செய்கிறவரை நாம் தேர்ந்தெடுக்கவும் இல்லை, கேள்வி கேட்கவும் வழியில்லை. போகட்டும், விட்டு விலகிவிடலாம் என்றால், நம் உற்றார் உறவினர், தோழர் துணைவர் அத்தனை பேரும் அந்தச் சுவருக்குள்ளேயே இருக்கிறார்கள். கேட்கவும் முடியாது, விலகவும் முடியாது! இவ்விரண்டும் கூடுமிடத்துக்கு அரசியலில் என்ன பெயர் என்பதை உங்களுக்கா நான் சொல்லவேண்டும்?

மூடிய கதவுகள்

இது வெறும் அச்சம் என்பார் உளர். அச்சமா, அனுபவமா என்பதை ஏடுகளைப் புரட்டிப் பார்த்து முடிவு செய்வோம்.

ஆர்க்குட் என்றொரு தளம் 2004இல் தொடங்கிற்று. இந்தியாவிலும் பிரேசிலிலும் இளைஞர் கூட்டம் அங்கே அலைமோதிற்று. 2014 செப்டம்பர் 30 அன்று கடை கட்டப்பட்டது. அதே கூகுள் நிறுவனம் நடத்திய கூகுள் பிளஸ், 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. மைஸ்பேஸ் என்னும் தளம் மூடவில்லை. ஆனால் சர்வர் மாற்றும் வேலையில், மூன்றாண்டுகளுக்கு முன் ஏற்றப்பட்ட பாடல்களும் படங்களும் போய்விட்டிருக்கலாம் என்று 2019இல் கைவிரித்தது. எத்தனை இளம் பாடகரின் முதற்பாட்டு, எத்தனை கலைஞரின் கன்னி முயற்சி அதிலே மறைந்தனவோ!

"அவையெல்லாம் அயல்நாட்டார் தளங்கள், நம் நாட்டுத் தளமாக இருந்தால் இந்தத் துன்பம் நேருமா?" என்று கேட்கத் தோன்றும். அதற்கும் சான்று உண்டு. கூ என்னும் இந்தியத் தளம் 2020இல் வந்தது. இந்திய மொழிகளில் எழுதலாம் என்றது. 2021இல் மத்திய அமைச்சர்களே அதில் கணக்குத் தொடங்கிப் பிறரையும் அழைத்தார்கள். 2024 ஜூலையில் அதுவும் மூடப்பட்டது. அதில் எழுதியவர் எல்லாம் வேறு வீடு தேடவேண்டியதாயிற்று. ஆகவே, உடையவன் உள்நாட்டானா வெளிநாட்டானா என்பது முழுக் கேள்வி ஆகாது. அவன் கதவை மூடும்போது நாம் எதை எடுத்துக்கொண்டு வெளியேற முடியும் என்பதே கேள்வி.

நிலையாக மூடவேண்டும் என்பதுகூட இல்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகெங்கும் ஒருசேர முடங்கின. ஒரே நிறுவனத்தின் உள்வேலையில் ஒரு பிழை. கோடானுகோடி மக்களின் வாய் அடைபட்டது. வணிகர் கொள்முதல் நின்றது. அயல்நாட்டில் உழைக்கும் மகனின் குரல் தாய்க்கு எட்டாது நின்றது. ஒற்றைத் தூணில் நிற்கும் மண்டபத்தின் வலிமை, அந்தத் தூணின் வலிமையே அன்றோ!

விற்கப்பட்ட சதுக்கம்

எல்லாவற்றினும் பெரிய பாடம் ட்விட்டர் கற்பித்த பாடம். 2006இல் பிறந்த அத்தளம், தலைவர்களும் செய்தியாளர்களும் தொண்டர்களும் கூடும் நாற்சந்தியாக வளர்ந்தது. 2022 அக்டோபர் 27 அன்று எலான் மஸ்க் என்னும் செல்வர் அதை 4,400 கோடி டாலருக்கு வாங்கி முடித்தார். சந்தியிலே நின்று பேசிக்கொண்டிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கவேண்டிய கட்டாயமும் சட்டத்தில் இல்லை. சந்தையிலே மாடு கைமாறும்போது மாட்டைக் கேட்பதுண்டா?

அதன் பின் நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பாருங்கள். நவம்பர் தொடக்கத்தில் ஊழியரில் ஏறக்குறையப் பாதிப் பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். உண்மையான கணக்கு இது என்று காட்டிவந்த நீல அடையாளம், மாதம் 8 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. விளைவு? எலி லில்லி என்னும் மருந்து நிறுவனத்தின் பெயரில் யாரோ ஒருவர் கணக்குத் தொடங்கி, நீல அடையாளமும் வாங்கி, இன்சுலின் இனி இலவசம் என்று அறிவித்துவிட்டார். மெய்யான நிறுவனம் ஓடோடி வந்து, அது எங்கள் செய்தி அன்று என்று வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. நீரிழிவு நோயாளியின் ஏக்கத்தோடு விளையாடிய அந்தக் கேலிக்கு வழி திறந்தது எது? எட்டு டாலர்!

டிசம்பரில் செய்தியாளர் சிலரின் கணக்குகள் முடக்கப்பட்டன. மாஸ்டடான் என்னும் வேறொரு வலையின் முகவரியை எழுதினால் எழுத்து மறைக்கப்பட்டது. பிற தளங்களுக்கு வாருங்கள் என்று அழைப்பதே குற்றம் என்று ஒரு விதி அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பு மூண்டதும் திரும்பப் பெறப்பட்டது. 2023 ஜூலையில், பணம் கட்டாதவர் நாளொன்றுக்கு 600 பதிவுகளுக்கு மேல் படிக்கலாகாது என்று ஆணை. அன்றைக்கே அது 800 ஆயிற்று, பின்னர் 1,000 ஆயிற்று. அம்மாதமே ட்விட்டர் என்ற பெயரும் போய், எக்ஸ் என்ற ஒற்றை எழுத்து வந்தது.

நியூயார்க்கின் பெருநகரப் போக்குவரத்து நிறுவனம், ரயில் தாமதம், பேருந்து மாற்றம் முதலியவற்றை அத்தளத்தின் வழியே மக்களுக்கு உடனுக்குடன் சொல்லி வந்தது. 2023இல், தானியங்கி முறையில் செய்தி அனுப்புவதற்குக் கட்டணம் என்றார்கள். ஏப்ரல் இறுதியில் போக்குவரத்து நிறுவனம் அத்தளத்தில் அறிவிப்புகளை நிறுத்திற்று. மே மாதத்தில், பொதுத்துறை அறிவிப்புகளுக்குக் கட்டணமில்லை என்று தளம் இறங்கி வந்த பிறகே மீண்டும் தொடங்கிற்று. எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஒரு மாநகரம் தன் மக்களிடம் பேசுவதற்கு ஒரு தனியாரின் தயவை எதிர்பார்த்து நிற்கவேண்டியதாயிற்று.

மஸ்க் நல்லவரா, கெட்டவரா என்ற ஆராய்ச்சி இங்கே வேண்டியதில்லை. முன்பு இருந்த உடைமையாளர் காலத்திலும் கதை வேறாக இல்லை. 1936இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் கப்பல்தளத்தில் கூட்டமெல்லாம் கையுயர்த்தி நாஜி வணக்கம் செலுத்த, ஒருவன் மட்டும் கைகட்டி நிற்கும் புகைப்படத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். உச்சநீதிமன்ற மூத்த வழக்குரைஞர் சஞ்சய் ஹெக்டே அப்படத்தைத் தம் பக்கத்தில் வைத்திருந்தார். 2019இல் அதற்காகவே அவர் கணக்கு முடக்கப்பட்டது. கொடுமையை எதிர்த்து நின்றவனின் படத்தை, கொடுமையைப் பரப்பும் படம் என்று கொண்டார்கள்! 2021 பிப்ரவரி முதல் நாள், உழவர் போராட்டக் காலத்தில், ஒன்றிய அரசின் ஆணைப்படி ஏறத்தாழ 250 கணக்குகள் இந்தியாவில் மறைக்கப்பட்டன. காரவன் என்னும் இதழின் கணக்கும் அவற்றில் ஒன்று. மாலைக்குள் திரும்ப வந்தன என்பது வேறு செய்தி. ஊரார் அனைவரும் ஒரே கிணற்றில் நீர் எடுத்தால், கிணற்றை மூடுவதற்கு ஒரே ஒரு பலகை போதும் என்பதே நாம் கொள்ளவேண்டிய செய்தி.

கூட்டாட்சி என்னும் வழி

அப்படியானால் வழி என்ன? வாயை மூடிக்கொள்வதா? கைபேசியைக் கிணற்றில் எறிவதா? இரண்டும் வேண்டாம். வழி ஏற்கெனவே நம் வாழ்வில் இருக்கிறது. நாம்தான் அதை உற்றுப் பார்ப்பதில்லை.

அஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். 1874இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்தன. அதிலிருந்து வளர்ந்ததே உலக அஞ்சல் ஒன்றியம். இந்த ஊரில் ஒட்டும் அஞ்சல்தலை கடல் கடந்த ஊரிலும் செல்லுகிறது. கடிதம் எழுதுவோரெல்லாம் ஒரே அஞ்சலகத்தில் கணக்கு வைத்திருக்கவேண்டும் என்று எவரும் சொன்னதில்லை. மின்னஞ்சலும் அவ்வாறே. 1982இல் வகுக்கப்பட்ட பொது விதி ஒன்றின்படி, எந்த நிறுவனத்தில் கணக்கு வைத்தவரும் வேறெந்த நிறுவனத்தில் உள்ளவருக்கும் எழுதலாம். கைபேசியில், 2011 ஜனவரி முதல் இந்தியா முழுவதும், எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை வந்தது. அதற்கு முன், எண் போய்விடுமே என்ற அச்சத்திலேயே எத்தனை பேர் பிடிக்காத நிறுவனத்தில் கட்டுண்டு கிடந்தார்கள்!

இந்த உரிமையைச் சமூக வலைத்தளத்துக்கும் கொண்டுவந்தால் என்ன? அந்த எண்ணத்தில் பிறந்தவையே பரவலாக்கப்பட்ட வலைகள். ஜெர்மனியில் ஆய்கன் ரோஷ்கோ என்னும் இளைஞர் 2016இல் வெளியிட்ட மாஸ்டடான், அவற்றுள் பெயர் பெற்றது. அது ஒரே மாளிகை அன்று; பல்லாயிரம் குடில்களின் தொகுப்பு. ஒவ்வொரு குடிலும் ஒரு சர்வர். ஒரு பல்கலைக்கழகம் நடத்தலாம், ஒரு செய்தி நிறுவனம் நடத்தலாம், ஓர் ஊரார் கூடி நடத்தலாம். குடிலுக்குக் குடில் விதி வேறு, பொறுப்பாளர் வேறு. ஆனால் ஒரு குடிலில் இருப்பவர் இன்னொரு குடிலில் இருப்பவரின் எழுத்தைப் படிக்கலாம், மறுமொழி சொல்லலாம், பின்தொடரலாம். குடில்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் பொது மொழிக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். உலக இணையத்தின் விதிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, 2018 ஜனவரியில் அதைப் பரிந்துரையாக ஏற்றது. அது எந்த ஒரு முதலாளியின் சொத்தும் அன்று.

தன் வீட்டில் தன் ஆட்சி. பொதுக் காரியத்தில் கூட்டாட்சி! இந்தச் சொற்கள் உங்களுக்குப் புதியனவா? அரசியல் மேடைகளில் எத்தனையோ முறை கேட்ட சொற்கள் அல்லவா? அதிகாரம் ஒரிடத்தில் குவிந்தால் என்ன ஆகும் என்று நாட்டுக்குச் சொன்னவர்கள், நாம் பேசும் வலையிலும் அதிகாரம் ஓரிடத்தில் குவிந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

அங்கே விளம்பரம் நுழைவதற்கு இடமில்லை. பதிவுகள் வந்த வரிசையிலே நிற்கும். எது நம் கோபத்தைக் கிளறுமோ அதை முன்னே தள்ளும் தந்திரம் இல்லை. நீல அடையாளத்துக்குக் காசும் இல்லை: உங்கள் சொந்த இணையதளத்தில் ஒரு வரி சேர்த்தால், இந்தக் கணக்கு இந்தத் தளத்தாருடையதே என்பதைப் பச்சை அடையாளம் காட்டும். பிடிக்கவில்லையென்றால் வேறு குடிலுக்குப் பெயரலாம். பின்தொடர்வோர் தாமாகவே கூட வந்துவிடுவர். இதுதான் விலகும் உரிமை. விலகும் உரிமை உள்ள இடத்தில்தான் உடையவனும் மரியாதையாக நடந்துகொள்வான்.

இடர்களும் உண்டு

இடர் எதுவும் இல்லை என்று நான் ஆசை காட்டப் போவதில்லை. குறைகளையும் கேளுங்கள்.

சஞ்சய் ஹெக்டே நிகழ்ச்சியை ஒட்டி 2019 நவம்பரில் இந்தியர் பலர் மாஸ்டடானுக்குக் குடிபெயர்ந்தனர். பரபரப்பு அடங்கியதும் பெரும்பாலோர் பழைய இடத்துக்கே திரும்பினர். 2022 அக்டோபர், நவம்பரில் பேரலை எழுந்தது. மாதந்தோறும் பயன்படுத்துவோர் ஏறத்தாழ 25 இலட்சம் ஆயினர். 2023 ஜனவரித் தொடக்கத்தில் அது 18 இலட்சத்தை ஒட்டிக் குறைந்துவிட்டது என்று ஏடுகள் எழுதின. ஏன்? எந்தக் குடிலைத் தேர்ந்தெடுப்பது என்ற முதற்படியிலேயே பலர் திகைத்தனர். தேடினால் தெரிந்தவர் கிடைக்கவில்லை. பேசினால் கைதட்ட ஆளில்லை. கோபம் ஏற்றிக் கொண்டுவந்த கூட்டத்தைக் கோபம் தணிந்ததும் பிடித்துவைக்க ஒன்றும் இல்லை. கொதிப்பு ஒரு நாள் கூட்டம் சேர்க்கும். அமைப்பு மட்டுமே அதை நிலைக்கவைக்கும் என்பது நமக்குத் தெரியாததா?

குடில்களும் மூடப்படுவதுண்டு. தனி ஒருவர் கைக்காசைப் போட்டு, உறக்கம் கெட்டு நடத்தும் சர்வர், அவர் களைத்துப் போனால் என்ன ஆகும்? அதனால்தான் மாஸ்டடான் தன் பட்டியலில் இடம்பெறும் சர்வர்களுக்கு நிபந்தனை வைத்திருக்கிறது: மூடுவதானால் மூன்று மாதம் முன்னே அறிவிக்கவேண்டும், நாள்தோறும் படி எடுத்து வைக்கவேண்டும், அவசரத்துக்கு இன்னொருவர் கையிலும் சாவி இருக்கவேண்டும். நல்ல நிபந்தனைகள். ஆயினும் குடில் மாறும்போது பின்தொடர்வோர் வருவார்களே தவிர, பழைய பதிவுகள் கூடவே வருவதில்லை. அந்தக் குறை மெய்யான குறை.

"யாரும் குடில் போடலாம் என்றால் வெறுப்பை விதைப்பவனும் போடுவானே?" போட்டான்! கேப் என்னும் அமெரிக்க வலதுசாரித் தளம் 2019 ஜூலையில் மாஸ்டடானின் நிரலை எடுத்துத் தன்னை மாற்றியமைத்துக்கொண்டது. நிரல் பொதுச்சொத்து, தடுக்க இயலாது. ஆனால் மற்றக் குடில்களில் பெரும்பாலானவை தத்தம் கதவைச் சாத்திக்கொண்டன. அவன் தன் வீட்டில் கத்தலாம். அடுத்த வீட்டுக்கு அக்கூச்சல் கேட்காது. தலைமை நிலையத்தின் ஆணையால் நடந்ததன்று அது. ஊர்தோறும் பொறுப்பாளர்கள் தாமே எடுத்த முடிவு. எனினும் அம்முடிவை எடுக்க விழிப்பான மனிதர்கள் வேண்டும். வசைச்சொல்லை நீக்கவும், மிரட்டப்படும் பெண்ணுக்குத் துணை நிற்கவும், நாட்டின் சட்டத்துக்கு விடை சொல்லவும் ஆட்கள் வேண்டும். சட்டத்துக்கு அப்பாற்பட்ட தீவு என்று இதை எவரும் எண்ணவேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. பெரிய நிறுவனங்களும் இப்போது கூட்டாட்சி பேசத் தொடங்கியுள்ளன. மெட்டா நிறுவனத்தின் த்ரெட்ஸ் 2023 ஜூலையில் வந்து ஐந்து நாளில் பத்துக் கோடிப் பேரைச் சேர்த்தது. ஆக்டிவிட்டிபப் மொழியைப் படிப்படியாகக் கற்றும் வருகிறது. ட்விட்டரின் வீட்டுக்குள்ளேயே 2019இல் கருக்கொண்ட ப்ளூஸ்கை, தனி நிறுவனமாகி, 2024 நவம்பரில் இரண்டு கோடிக் கணக்குகளைக் கடந்தது. அதன் விதிகளும் திறந்தவையே; ஆனால் அதன் பயனர்களில் மிகப் பெரும்பாலோர் இன்னும் அந்த ஒரு நிறுவனத்தின் சர்வர்களையே சார்ந்து நிற்கிறார்கள். வரவேற்போம், ஆனால் வாசலில் கண் வைத்திருப்போம். கூகுள் டாக் என்னும் சேவை 2005இல் பொது விதியைத் தழுவி வந்தது. அடுத்த ஆண்டே மற்றவர் சர்வர்களோடும் பேச வழி திறந்தது. ஊரார் எல்லாம் உள்ளே வந்த பிறகு, 2013இல் ஹேங்கவுட்ஸ் என்ற புதிய சேவையைக் கொண்டுவந்தபோது அவ்வழியைக் கைவிட்டது. கதவு திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் பார்க்கவேண்டும்.

நாம் செய்யவேண்டுவது

"மக்கள் இருக்கும் இடத்தில் இருப்பதல்லவா இயக்கத்தின் கடமை? ஆளில்லாத திடலில் போய் முழங்குவதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பழைய இடத்தை இன்றே விட்டு ஓடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சந்தையில் நின்று பேசுவோம். ஆனால் சந்தையிலேயே குடியிருக்க வேண்டாம். கூட்டம் மாற்றார் மண்டபத்தில் நடக்கலாம். உறுப்பினர் பதிவேட்டை அந்த மண்டபத்தின் அலமாரியிலா வைத்துப் பூட்டுவோம்?

ஆகவே, முதற் பணி: உங்கள் கணக்குகளின் பழைய பதிவுகளை எல்லாம் படியெடுத்து வையுங்கள். தளங்கள் பலவற்றில் அதற்கு வழி இருக்கிறது. கதவு திறந்திருக்கும்போது செய்யவேண்டிய வேலை அது. பூட்டிய பிறகு தட்டிப் பயனில்லை. ஒன்றுக்கு இரண்டாக, இருவேறு தோழர் கைகளில் அப்படிகள் இருக்கட்டும்.

இரண்டாவது: மாவட்டந்தோறும் சொந்தப் பெயரில் ஓர் இணையதளம் இருக்கட்டும். அறிக்கை முதலில் அங்கே வெளிவரட்டும். மற்றத் தளங்களில் அதன் சுட்டி மட்டும் போகட்டும். மூலம் நம்மிடம், நகல் அவர்களிடம்! இன்று பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு.

மூன்றாவது: கூட்டாட்சி வலையில் கணக்குத் தொடங்குங்கள், ஆனால் தனித்தனியே போகாதீர்கள். தனியே போனவன் பேச ஆளின்றி ஒரு வாரத்தில் திரும்பிவிடுவான். பயிற்சி வட்டம் ஒன்று, படிப்பகம் ஒன்று, இளைஞர் அணி ஒன்று என்று பத்துப் பேர் சேர்ந்து ஒரே நாளில் போங்கள். முதியவருக்கு இளையவர் பக்கத்தில் உட்கார்ந்து, பரிகாசம் இல்லாமல், பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். அந்த அரைமணி நேரம் பத்துச் சுவரொட்டிக்குச் சமம்.

நான்காவது: உண்டியல். இலவசம் என்ற சொல்லுக்குப் பின்னே எப்போதும் ஒரு விலைச்சீட்டு உண்டு. தளம் இலவசம் என்றால், நம் கண்ணும் கவனமும் விளம்பரக்காரருக்கு விற்கப்படுகின்றன என்று பொருள். சொந்தச் சர்வருக்கு மின்சாரம் வேண்டும், வாடகை வேண்டும், பராமரிக்கும் தோழருக்கு ஓய்வு வேண்டும். மாதம் ஒரு தேநீர்க் காசு ஆளுக்கு ஆள் போட்டால் ஒரு சிறு குடிலை நடத்தலாம். வரவு செலவைப் பலகையில் எழுதிப் போடுங்கள். சாவி இருவர் கையில் இருக்கட்டும். மாஸ்டடானின் உடைமையைத் தனி ஒருவரான தம்மிடம் வைத்துக்கொள்ளாமல், இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்றிடம் ஒப்படைக்கும் திட்டத்தை 2025 ஜனவரியில் அதை உருவாக்கியவர் தரப்பே அறிவித்தது. நல்லவர் கையிலேயே இருந்தாலும் ஒருவர் கையில் இருத்தல் ஆகாது என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

ஐந்தாவது: சட்டம் கேட்போம். கைபேசி எண்ணை எடுத்துக்கொண்டு நிறுவனம் மாறும் உரிமை தானாக வந்ததன்று. ஒழுங்குமுறை ஆணை வந்தபின் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம், பெருநிறுவனங்கள் அதற்கேற்ப நடக்கவேண்டிய கெடு 2024 மார்ச்சில் வந்த சட்டம், பெரிய செய்திப் பரிமாற்றச் சேவைகள், கேட்டுவரும் சிறிய சேவைகளோடு இணைந்து இயங்க வழிவிடவேண்டும் என்கிறது. சமூக வலைத்தளங்கள் மீது அக்கடமையை அது சுமத்தவில்லை. அந்த விடுபட்ட வரியைச் சேர்த்து எழுதும் உரிமைக் குரல் நம் நாட்டுச் சட்டமன்றங்களிலும் நாடாளுமன்றத்திலும் ஏன் எழக்கூடாது? எண் என்னுடையது என்று சொல்ல முடிந்தது. என் எழுத்தும் என் தோழமையும் என்னுடையவை என்று சொல்ல முடியாதா?

தோழர்களே! பொத்தான் இடம் மாறிற்று, கடவுச்சொல் மறந்தது, செயலி முரண்டு பிடிக்கிறது என்பவை சிறு எரிச்சல்கள்தாம். குடில் மாறினாலும் அவற்றில் சில நம்மைத் தொடரும். ஆனால் அங்கே அவற்றைத் திருத்தச் சொல்லிக் கேட்கலாம். கேட்ட குரலுக்கு ஒரு மனிதர் விடை சொல்வார். அந்த மனிதர் நம்மில் ஒருவராகவே இருக்கவும் கூடும். மாளிகையின் பளபளப்பு குடிலில் இல்லைதான். ஆயினும் நள்ளிரவில் கைமாறும் மாளிகையைவிட, நாம் கூரை வேய்ந்த குடில் மேல் என்பதை உழைப்பால் உயர்ந்தவர் அறிவர்.

இரவல் மேடையில் ஏறுவோம். இன்றைக்கும் ஏறுவோம், நாளைக்கும் ஏறுவோம். ஆனால் சொந்த மேடைக்கு மூங்கில் நடும் வேலை இந்த வாரமே தொடங்கட்டும். மூங்கிலைக் கொண்டுவருவது யார், கயிற்றைக் கொண்டுவருவது யார் என்பதை உங்கள் கிளைக்கூட்டத்தில் இன்று மாலையே பேசி முடிவு செய்யுங்கள்!